பில்லில் ஏறாத பாகத்துக்குப் பொறுப்பாளி இல்லை

“ஐ7 பிராசஸர், 16 ஜிபி ரேம், 512 ஜிபி எஸ்எஸ்டி, 2 ஜிபி கிராபிக்ஸ் கார்டு, மானிட்டரோடு சேர்த்து 17,999 மட்டுமே. கீபோர்டு, மவுஸ் இலவசம்.” இந்த மாதிரி விளம்பரம் கண்ணில் படாத கல்லூரி மாணவர் இன்று தமிழ்நாட்டில் அரிது. ரீல்ஸில் வரும், வாட்ஸ்அப் குழுவில் வரும், கடை வாசலில் பேனராகவும் தொங்கும். சொன்னதெல்லாம் பெட்டிக்குள் இருக்கவும் செய்யும். ஐ7 இருக்கும், ஆனால் அது 2012-ல் வெளிவந்த மூன்றாம் தலைமுறை ஐ7-3770 ஆக இருக்கலாம். ஏதோ ஓர் அலுவலகம் கழித்துக் கட்டிய கணினியிலிருந்து கழற்றிய சிப், பழைய சிப்செட்டை வைத்துப் புதிதாகச் செய்த பெயர் தெரியாத மதர்போர்டு, மேலே பளபளக்கும் விளக்குகளோடு ஒரு கேபினட். ஐ7 என்பது பேருந்தின் பெயர்ப்பலகை மாதிரி. வண்டி எந்த ஊருக்குப் போகிறது என்று சொல்லும். எந்த வருஷத்து வண்டி என்று சொல்லாது.

2022-ல் வந்த ஐ3-12100எஃப் என்ற ‘சின்ன’ சிப்பிலும் நான்கு கோர், எட்டு த்ரெட்தான், ஐ7-3770லும் அதேதான். ஆனால் சின்னது ஏறக்குறைய இரு மடங்கு வேலை செய்யும். அதைவிட முக்கியமான வேறொரு சங்கதி உண்டு. விண்டோஸ் 10-க்கான இலவச ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்தது. விண்டோஸ் 11-க்கு இன்டெல் என்றால் பொதுவாக எட்டாம் தலைமுறை அல்லது அதற்குப் பிந்தைய பிராசஸரும், டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதியும் வேண்டும். மூன்றாம் தலைமுறைக் கணினியில் குறுக்கு வழியில் விண்டோஸ் 11 ஏற்றிக் கொடுத்துவிடுவார்கள். வீட்டுக்குக் கொண்டுபோய் வேலோரன்ட் போட்டால் விளையாட்டே திறக்காது. விண்டோஸ் 11-ல் அந்த விளையாட்டுக்கு டிபிஎம்மும் செக்யூர் பூட்டும் கட்டாயம். வாங்கின முதல் நாளே காலாவதியான பொருளுக்குப் பதினெட்டாயிரம் கொடுத்தாயிற்று.

கம்பெனிக் கணினி வாங்கினால் மொத்தப் பெட்டிக்கும் ஒரே நிறுவனம் பொறுப்பு. அசெம்பிள் செய்கிற கணினியில் அப்படி ஒருவர் கிடையாது. பிராசஸருக்கு ஒருவர், மதர்போர்டுக்கு ஒருவர், ரேம், எஸ்எஸ்டி, எஸ்எம்பிஎஸ், மானிட்டர் என்று ஏழெட்டு நிறுவனங்கள், அவற்றின் இறக்குமதியாளர்கள், நடுவில் கடைக்காரர். பழுது வந்தால் யாரைக் கேட்பது என்பதைத் தீர்மானிப்பது உங்கள் கையில் இருக்கும் பில் மட்டுமே. ஆகவே எந்தப் பாகம் நல்லது என்ற கேள்வியோடு, அது பழுதானால் யார் பதில் சொல்வார் என்ற கேள்வியையும் சேர்த்தே கேட்க வேண்டும். பாகம் தேர்ந்தெடுப்பது பற்றி ஆயிரம் வீடியோக்கள் கிடைக்கின்றன. இந்த இரண்டாவது கேள்வியை அவற்றில் பெரும்பாலானவை கேட்பதில்லை.

முதலில் வேலை என்ன என்று முடிவாகட்டும். கல்லூரிப் பாடம், கோடிங், எக்செல், கொஞ்சம் வீடியோ எடிட்டிங், சாயங்காலம் வேலோரன்ட் அல்லது கவுன்டர் ஸ்ட்ரைக். முதல் கணினி வாங்கும் பெரும்பாலானோருக்கு இவ்வளவுதான். இதற்கு ஆறு கோர் உள்ள ஒரு சிப் போதும்: ஏஎம்டியில் ரைசன் 5 5600, இன்டெலில் ஐ5-12400எஃப். இரண்டும் 2022-ல் வந்தவை, இரண்டுக்கும் பன்னிரண்டு த்ரெட். கடைக்காரர் ரைசன் 5 5500-ஐ நீட்டினால் பெயர் ஒத்திருக்கிறதே என்று தலையாட்டிவிடாதீர்கள். அதில் கேஷ் நினைவகம் 32 எம்பிக்குப் பதில் 16 எம்பிதான். விலை நிஜமாகவே குறைந்தால் வாங்கலாம். 5600-இன் விலைக்கு வாங்கக் கூடாது.

பெயருக்குப் பின்னால் வரும் ஓர் எழுத்தில் பணம் இருக்கிறது. இன்டெல் சிப்பில் ‘எஃப்’ என்று முடிந்தால் உள்ளேயே கிராபிக்ஸ் இல்லை என்று அர்த்தம். தனி கார்டு போடாமல் திரையில் ஒன்றும் தெரியாது. ஏஎம்டியின் இந்த வரிசையில் ‘ஜி’ என்று முடிந்தால் கிராபிக்ஸ் உள்ளேயே உண்டு. கையிருப்பு குறைவானவர்களுக்கு என் யோசனை: ரைசன் 5 5600ஜி மாதிரி ஒன்றை எடுத்து, கிராபிக்ஸ் கார்டை ஆறு மாதமோ ஒரு வருஷமோ தள்ளிப்போடுங்கள். வேலோரன்ட் போன்றவை குறைந்த அமைப்பில் ஓடிவிடும். அவசரத்துக்கு ஏதோ ஒரு கார்டு என்று வாங்கி மாட்டிக்கொள்வதைவிட இது எவ்வளவோ மேல்.

ஏனென்றால் ஏமாற்று அதிகம் நடக்கும் இடம் கிராபிக்ஸ் கார்டுதான். சில ஏமாற்றுகளுக்கு நிறுவனங்களே வழி செய்து கொடுத்திருக்கின்றன. ஜிடி 1030 என்ற ஒரே பெயரில் இரண்டு கார்டு உண்டு. 2018-ல் வந்த டிடிஆர்4 வகையின் நினைவக வேகம் முந்தைய ஜிடிடிஆர்5 வகையின் வேகத்தில் மூன்றில் ஒரு பங்குதான். ஆர்டிஎக்ஸ் 3050-ம் அப்படியே. 8 ஜிபி வகையில் 2,560 கோர். 6 ஜிபி வகையில் 2,304 கோர், நினைவகப் பாதையும் குறுகல். நினைவகத்தில் 2 ஜிபி மட்டுமே குறைகிறது என்று நினைத்து வாங்குபவருக்குக் கார்டே வேறு என்பது தெரியாது. ஆர்எக்ஸ் 580-இல் ‘2048எஸ்பி’ என்று பொடி எழுத்தில் போட்டிருந்தால், அது அசல் 580-ஐவிட ஒரு படி கீழே. கார்டின் ஜிபி கணக்கை வைத்து மட்டும் வேகத்தை அளக்க முடியாது என்பதற்கு 4 ஜிபி ஜிடி 730-ஐவிட நல்ல சாட்சி வேண்டாம். 2014-ல் வந்த அந்தக் கார்டு இன்றைய விளையாட்டுகளுக்குச் சல்லிக் காசு பெறாது.

இவையெல்லாம் சட்டப்படி விற்கிற சரக்கு. இதற்கு மேல் போலிகள் இருக்கின்றன. பத்து வருஷத்துக்கு முந்தைய ஜிடிஎஸ் 450 போன்ற கார்டின் பயாஸை மாற்றி, ஜிடிஎக்ஸ் 1050 டிஐ என்று ஸ்டிக்கர் ஒட்டி விற்பது பல நாடுகளில் நடந்திருக்கிறது. விண்டோஸும் அதை 1050 டிஐ என்றே காட்டும். ஜிபியு-இசட் என்ற இலவச மென்பொருளைத் திறந்தால், இப்படி வேஷம் போட்ட என்விடியா கார்டின் பெயருக்கு முன்னால் போலி என்று காட்டிக்கொடுத்துவிடும். இன்னொரு எளிய அடையாளம்: அந்தத் தலைமுறை என்விடியா சிப்புகளில் பழைய நீல நிற விஜிஏ இணைப்புக்கான வசதியே கிடையாது. 1050 டிஐ என்று சொல்லும் கார்டில் விஜிஏ துளை இருந்தால் கையை எடுத்துவிடுங்கள். புதிதாகவே வாங்குவதென்றால் ஆர்எக்ஸ் 6600, ஆர்டிஎக்ஸ் 4060, 12 ஜிபி நினைவகத்தோடு வரும் இன்டெல் ஆர்க் பி580 ஆகியவற்றைச் சுற்றி விலை விசாரியுங்கள். அன்றைக்கு எது மலிவோ அதுவே சரியான தேர்வு.

ரேமில் ஒன்றே ஒன்று: 16 ஜிபி வேண்டுமென்றால் 8 ஜிபி குச்சி இரண்டாக வாங்குங்கள். ஒற்றைக் குச்சியில் நினைவகப் பாதை பாதியாகிவிடும். உள்ளேயே கிராபிக்ஸ் இருக்கும் சிப்புக்கு அந்த நஷ்டம் கண்ணுக்கே தெரியும். 2025-இன் பிற்பகுதியிலிருந்து ரேம், எஸ்எஸ்டி விலைகள் கடுமையாக ஏறின. செயற்கை நுண்ணறிவு மையங்கள் நினைவகச் சிப்புகளை அள்ளிக்கொண்டு போவதுதான் காரணம். மைக்ரான் நிறுவனம் தன் க்ரூஷியல் என்ற சில்லறை வணிகத்தையே மூடப்போவதாக 2025 டிசம்பரில் அறிவித்தது. விலை ஏறும் காலத்தில்தான் பெயர் தெரியாத ரேமும், 1 டிபி என்று எழுதி உள்ளே 128 ஜிபி மட்டும் வைத்த எஸ்எஸ்டியும் சந்தைக்குள் நுழையும். எச்2டெஸ்ட்டபிள்யூ என்ற சிறு மென்பொருள் எஸ்எஸ்டி முழுக்க எழுதிப் படித்துப் பார்த்து உண்மைக் கொள்ளளவைச் சொல்லிவிடும்.

எல்லாப் பாகங்களுக்கும் மின்சாரம் தரும் எஸ்எம்பிஎஸ் பற்றிக் கொஞ்சம் நீட்டித்தான் எழுத வேண்டும். மற்றவை கெட்டால் பணம் போகும். இது கெட்டால் மற்றவற்றையும் கூட்டிக்கொண்டு போகும். கேபினட்டோடு இலவசமாக வரும் ‘450 வாட்’ எஸ்எம்பிஎஸ்ஸைப் பெருமையாகக் காட்டுவார்கள். பெரிய எழுத்தை விட்டுவிட்டு, பக்கவாட்டு ஸ்டிக்கரில் 12 வோல்ட் என்ற கட்டத்துக்கு நேரே எத்தனை ஆம்பியர் என்று பாருங்கள். 18 ஆம்பியர் என்றால் 18-ஐ 12-ஆல் பெருக்கினால் 216 வாட். பிராசஸரும் கிராபிக்ஸ் கார்டும் குடிக்கும் மின்சாரம் பெரும்பாலும் இந்த 12 வோல்ட்டில்தான் வருகிறது. ஆக அந்த 450-இல் உங்களுக்கு உதவுவது பாதிகூட இல்லை. ரைசன் 5 5600-ம் ஆர்எக்ஸ் 6600-ம் போட்ட கணினி முழு வேகத்தில் ஓடினாலும் 300 வாட்டைத் தொடுவது அபூர்வம். நேர்மையான 450 அல்லது 550 வாட் எஸ்எம்பிஎஸ் தாராளம். 80 பிளஸ் சான்று இருக்கிறதா என்று பாருங்கள். தனியாக விற்கும் எஸ்எம்பிஎஸ்ஸுக்கு இந்தியத் தர நிர்ணய அமைப்பான பிஐஎஸ்ஸின் பதிவு கட்டாயம். ‘ஆர்’ என்ற எழுத்தில் தொடங்கும் பதிவு எண் பெட்டியிலோ ஸ்டிக்கரிலோ இருக்கும். பிஐஎஸ் கேர் செயலியில் அந்த எண்ணைத் தட்டினால் அது யாருடையது என்று தெரிந்துவிடும். கடையில் நின்றபடியே செய்யலாம், இரண்டு நிமிட வேலை.

கேபினட்டைத் தொட்டால் சுள்ளென்று அடிக்கிறது என்று சொல்லாத வீடு குறைவு. “அது அப்படித்தான் இருக்கும் சார், செருப்புப் போட்டுக்கோங்க” என்று சொல்லும் டெக்னீஷியன்களும் இருக்கிறார்கள். எஸ்எம்பிஎஸ்ஸின் உள்ளே இரைச்சலை வடிகட்டும் சிறு கெபாசிட்டர்கள் கேபினட் உலோகத்தோடு இணைந்திருக்கும். வீட்டில் எர்த் சரியாக இருந்தால் அந்தக் கசிவு மண்ணுக்குப் போய்விடும். எர்த் இல்லையென்றால் கேபினட்டில் ஏறக்குறைய 115 வோல்ட் தங்கிவிடும். கசியும் மின்னோட்டம் மிகச் சிறியது என்பதால் வழக்கமாக ஆளைக் கொல்லாது. ஆனால் எஸ்எம்பிஎஸ்ஸிலேயே பழுது வந்து முழுக் கரண்ட்டும் கேபினட்டுக்கு ஏறும் நாளில் காப்பாற்ற எதுவும் இருக்காது. வாடகை வீடானாலும் எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு எர்த் இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். மின்கசிவு வந்தால் இணைப்பைத் துண்டிக்கும் 30 மில்லிஆம்பியர் ஆர்சிசிபி ஒன்றும் இருந்தால் நல்லது. மூன்று முள் பிளக்கில் எர்த் முள்ளை உடைத்து எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் செருகும் பழக்கத்தை இன்றோடு விடுங்கள். யுபிஎஸ் வாங்கினால் விஏ கணக்கை நம்பாதீர்கள்: 600 விஏ என்பது பொதுவாக 360 வாட்தான், அதில் மானிட்டரும் அடக்கம்.

இனி பில். சென்னை ரிச்சி தெருவாக இருந்தாலும் உங்கள் ஊர்க் கடையாக இருந்தாலும் பேச்சு ஓரிடத்தில் இப்படி வந்து நிற்கும்: “பில் போட்டா 18 பர்சென்ட் ஜிஎஸ்டி வரும் தம்பி. பில் இல்லாம எடுத்துக்கோங்க, எதுவானாலும் நான் இருக்கேன்ல.” அறுபதாயிரம் ரூபாய்க்கு வாங்குபவர் மனம் அங்கே சபலப்படும், இயல்புதான். ஆனால் பில் கொடுக்காமல் விற்பது 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி முறையற்ற வணிக நடவடிக்கை. அட்டைப் பெட்டியில் அச்சிட்ட எம்ஆர்பி என்பது எல்லா வரியும் சேர்ந்த விலை. அதற்கு மேல் தனியாக வரி கேட்க முடியாது. கடைக்காரர் நல்லவராகவே இருக்கலாம். அவர் கடையைக் காலி செய்துவிட்டால், உங்கள் பிராசஸருக்கு மூன்று வருஷ வாரண்டி இருக்கிறது என்று எதைக் காட்டுவீர்கள்?

‘கம்ப்யூட்டர் செட் – 1’ என்று ஒரே வரியில் போட்ட பில்லையும் ஒப்புக்கொள்ளாதீர்கள். ஒவ்வொரு பாகமும் தனி வரியில், முழு மாடல் பெயரோடும் சீரியல் எண்ணோடும் இருக்க வேண்டும். கொட்டேஷனில் எழுதிய மாடலும் பில்லில் இருக்கும் மாடலும் பெட்டிக்குள் இருப்பதும் ஒன்றுதானா என்று கடையிலேயே ஒத்துப் பாருங்கள். பிராசஸர் சீல் வைத்த பெட்டியில் வரட்டும். ‘ட்ரே’ என்று சொல்லி உதிரியாகக் கொடுக்கும் இன்டெல் சிப்புக்கு நிறுவனம் உங்களுக்கு நேரடியாக வாரண்டி தராது, விற்றவர்தான் பொறுப்பு. வெளிநாட்டுச் சரக்கின் பெட்டியில் இறக்குமதியாளரின் பெயர், முகவரி, எம்ஆர்பி, புகாருக்கான தொடர்பு எண் ஆகியவை இருக்க வேண்டும் என்பது சட்டமுறை எடையளவு விதி. இந்த விவரங்களுள்ள ஸ்டிக்கர் இல்லாத பெட்டி பின்வாசல் வழியாக வந்தது. பழுதானால் இங்கிருக்கும் சர்வீஸ் சென்டர் சீரியல் எண்ணைப் பார்த்துவிட்டுக் கையை விரிக்கும். சிலர் காலி அட்டைப் பெட்டிகளைக் கடையிலேயே விட்டுவிட்டு வருகிறார்கள்; வாரண்டி முடியும்வரை அவற்றைப் பரணில் போட்டு வையுங்கள்.

கடையில் பொருத்திக் கொடுத்ததும் சிபியு-இசட், ஜிபியு-இசட், கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ மூன்றையும் ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள். கடைசியில் சொன்னது எஸ்எஸ்டி இதுவரை எத்தனை மணி நேரம் ஓடியிருக்கிறது என்று காட்டும். புது எஸ்எஸ்டியில் நான்காயிரம் மணி நேரம் என்று வந்தால் அது யாரோ கழற்றிப் போட்டது. ஆன்லைனில் வாங்கினால் பெட்டியின் ஆறு பக்கமும் தெரிய, வெட்டுவதிலிருந்து வீடியோ எடுங்கள். கேட்ட பொருளுக்குப் பதில் சோப்புக்கட்டி வந்த கதைகளில் ஜெயித்தவர்கள் பெரும்பாலும் வீடியோ வைத்திருந்தவர்கள்.

பழுது தெரிந்துவிட்டது, கடைக்காரர் பில்லின் அடியில் இருக்கும் ‘விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது’ என்ற வரியைக் காட்டுகிறார். அந்த வரி குறைபாடுள்ள பொருளுக்குச் செல்லாது. பில்லில் குறித்த கெடுவுக்குள், கெடு குறிக்காவிட்டால் 30 நாளுக்குள், குறைபாடுள்ள பொருளைத் திரும்ப எடுத்துப் பணம் தர மறுப்பது நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 2(47) பிரிவின்படி முறையற்ற வணிகம்தான். கலர் பிடிக்கவில்லை, வேறு மாடல் வேண்டும் என்பதற்கு இந்த உரிமை கிடையாது. அது கடைக்காரரின் பெருந்தன்மை. இணைய வணிகத்துக்கு 2020-ஆம் ஆண்டு விதிகள் தனியாக உண்டு. பழுதான, போலியான, விளம்பரத்தில் சொன்னபடி இல்லாத பொருளை விற்பனையாளர் திரும்பப் பெற மறுக்கக் கூடாது. தளத்தின் குறைதீர் அதிகாரி 48 மணி நேரத்துக்குள் புகாரைப் பெற்றதாகச் சொல்லி, ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும்.

வாய்ப்பேச்சை விட்டு எழுத்துக்கு வாருங்கள். கடைக்கும் நிறுவனத்தின் சேவைப் பிரிவுக்கும் மின்னஞ்சல் அனுப்புங்கள்: எந்தத் தேதியில் வாங்கியது, சீரியல் எண், பழுது என்ன, நீங்கள் கேட்பது மாற்றா பணமா. பதில் வராவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915, தமிழிலேயே பேசலாம். அங்கே தீர்ப்பு வழங்குவதில்லை, நிறுவனத்தோடு பேசி முடித்துவைக்கப் பார்ப்பார்கள். பல புகார்கள் அந்த அளவிலேயே முடிந்துவிடும். முடியாவிட்டால் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம். ஐந்து லட்சம் ரூபாய் வரையான பொருளுக்குக் கட்டணம் இல்லை, வக்கீல் வைக்க வேண்டியதில்லை, இ-ஜாக்ரிதி இணையதளத்தில் வீட்டிலிருந்தே தாக்கல் செய்யலாம். கடை டெல்லி நேரு பிளேஸில் இருந்தாலும் நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். 2019 சட்டம் தந்த பெரிய வசதி இது. கடை, இறக்குமதியாளர் இருவரையுமே எதிர்தரப்பாகச் சேருங்கள். இல்லாவிட்டால் ஒருவர் இன்னொருவரைக் கை காட்டுவார். மூன்று மாதத்தில், பரிசோதனை தேவைப்பட்டால் ஐந்து மாதத்தில் முடிக்க முயல வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. நடப்பில் அதற்கு மேலும் இழுக்கலாம் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

வீட்டிலிருந்து எடிட்டிங் செய்து சம்பாதிப்பவர்களைப் பார்த்து, “வியாபாரத்துக்கு வாங்கியது, நீங்கள் நுகர்வோரே இல்லை” என்று எதிர்தரப்பு வாதிடக்கூடும். சுயதொழிலில் பிழைப்புக்காகத் தானே பயன்படுத்துபவரும் நுகர்வோர்தான் என்று சட்டத்திலேயே விளக்கம் இருக்கிறது. பயப்பட வேண்டாம்.

பழைய பாகம் வாங்குவது தவறில்லை. ஆனால் தனிநபரிடம் வாங்கும்போது மேலே சொன்ன உரிமைகளில் பெரும்பாலானவை கைகொடுக்காது என்று தெரிந்தே வாங்குங்கள். நேரில் போய், கார்டை அரை மணி நேரம் விளையாட்டில் ஓட்டிப் பார்த்த பிறகே பணம். டெலிகிராமிலும் இன்ஸ்டாகிராமிலும் ‘பாதி விலை, முன்பணம் அனுப்புங்க’ என்பவர்களுக்கு ஒரு ரூபாயும் அனுப்பாதீர்கள். அனுப்பி ஏமாந்துவிட்டால் உடனே சைபர் மோசடி உதவி எண்ணான 1930-ஐ அழையுங்கள். பணம் அடுத்தடுத்த கணக்குகளுக்குத் தாவுவதற்குள் முடக்க வேண்டும், அங்கே ஒவ்வொரு நிமிடமும் கணக்கு.

கடையில் சும்மா ஏற்றிக் கொடுக்கும் கிராக் விண்டோஸ், கிராக் எடிட்டிங் மென்பொருள் பற்றியும் ஒரு வார்த்தை. திருட்டு மென்பொருள் என்று தெரிந்தே பயன்படுத்துவது பதிப்புரிமைச் சட்டத்தின் 63பி பிரிவில் குற்றம். அதோடு, அந்த ‘ஆக்டிவேட்டர்’கள் உங்கள் பாஸ்வேர்டுகளையும் எடுத்துக்கொண்டு போகக்கூடும். டாவின்சி ரிசால்வ், பிளெண்டர், லிப்ரே ஆபீஸ் இலவசமாகவே கிடைக்கின்றன. விண்டோஸ் உரிமத்தைப் பட்ஜெட்டில் முதலிலேயே சேர்த்துக்கொள்ளுங்கள்.

ஆணையத்தில் புகார் கொடுக்க, பிரச்சினை எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டு கெடு உண்டு. பல கடைகளின் பில் சூட்டில் அச்சாகும் தெர்மல் தாளில் வருகிறது. சில மாதங்களிலேயே எழுத்து மங்கி வெள்ளைத்தாளாகிவிடும். வாங்கிய அன்றே பில்லையும் எல்லா சீரியல் எண்களையும் படமெடுத்து உங்கள் மின்னஞ்சலுக்கே அனுப்பி வைத்துவிடுங்கள்.